ஐஸ் ஸ்கேட்டிங்கும் உள்ளங்கால் வலியும்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று பெரியவர்கள் சொன்னாலும் சொன்னார்கள், காலை நாம் அடியோடு மறந்துவிட்டோம். தலைவலி என்றால் வீடே கூடிவிடுகிறது. கால் வலி என்றால் கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொள் என்பதோடு சரி. அறுபதைத் தாண்டிய எங்களுக்கு அது பழகிப்போன சமாசாரம். ஆனால் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, "உள்ளங்கால் நடுவில் பிடித்து இழுக்கிறது, நிற்கவே முடியவில்லை" என்று கண் கலங்கினால் அப்படி விட்டுவிட முடியுமா?

இங்கே மௌலா அலியில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. அந்தப் பெண் நான்கு வருடமாக ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். பள்ளி விடுமுறையில் வடக்கே போய் ஐஸ் ஸ்கேட்டிங் பயிற்சியில் சேர்ந்தாள். பத்து நிமிடம் ஆடினால் உள்ளங்கால் வலி. பூட்ஸைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். உறவினர்களில் ஒருவர் "இது தட்டைப் பாதம்" என்றார். இன்னொருவர் "ஸ்கேட்டிங்கையே நிறுத்திவிடுங்கள்" என்றார். நான்கு வருட உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் போயிருக்கும். நல்ல வேளையாக, நிறுத்துவதற்கு முன் காரணத்தைத் தேடலாம் என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். அந்தத் தேடலில் நானும் கலந்துகொண்டேன். படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை நம் சங்கத்து வாசகர்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

நான் வைத்தியன் அல்ல. டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இருப்புப் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன். ஆனால் வளைவு, சுமை, இழுவிசை என்று பேசினால் எனக்குப் புரியும். மனிதப் பாதமும் அந்த மூன்றும் சேர்ந்த சங்கதிதான்.

ஹைதராபாத்தில் ஐஸ் எங்கே?

பனியே விழாத ஊரில் இந்தக் கவலை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சக்கர ஸ்கேட்டிங் நம் ஊருக்குப் புதியதல்ல. இந்திரா பார்க்கில் குழந்தைகள் சுற்றிச் சுற்றி ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஹைதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா 2010-ல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கலை ஸ்கேட்டிங்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். 2015-ல் அர்ஜுனா விருதும் பெற்றார். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

சக்கரத்தில் தேறியவர்கள் ஐஸுக்கு மாறுவது இப்போது சகஜமாகி வருகிறது. 2025 ஜனவரியில் லே நகரில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியில் தெலங்கானாவின் நயன ஸ்ரீ தல்லூரி ஐஸ் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்றார். சிம்லாவில் 1920 முதல் திறந்தவெளி ஐஸ் தளம் இருக்கிறது. டேராடூனில் 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கத் தளத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அளவிலான போட்டியே நடந்தது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளும் நாளை ஐஸில் இறங்கத்தான் போகிறார்கள். இறங்கியவர்கள் முதல் வாரத்தில் அதிகம் சொல்லும் குறைகளில் ஒன்று இந்த உள்ளங்கால் வலி.

பாதம் ஒரு பாலம்

ராஜமுந்திரியில் கோதாவரியின் மேல் 1997-ல் கட்டி முடித்த வளைவுப் பாலத்தை ரயிலில் கடக்காத ஹைதராபாத் தமிழர் குறைவு. 28 கண்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 97 மீட்டர். ஒவ்வொரு கண்ணிலும் மேலே வில் போல் கான்கிரீட் வளைவு. கீழே நாண் போல் அடித்தளம். வண்டி ஏறும்போது வில்லின் இரு முனைகளும் விலகப் பார்க்கும். விலகாமல் இழுத்துப் பிடிப்பது நாண். நாண் தளர்ந்தால் வில் தட்டையாகிவிடும்.

நம் பாதமும் இதே அமைப்புதான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை அவை வில் போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் நாணாக இருப்பது, குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் கெட்டியான நார்ப்பட்டை. டாக்டர்கள் அதை பிளான்டார் ஃபேசியா என்பார்கள். அதோடு உள்ளங்காலின் சிறு தசைகளும், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் நீண்ட தசைநார்களும் வளைவைத் தாங்குகின்றன.

கோதாவரிப் பாலத்தில் இல்லாத வசதி ஒன்று நம் பாதத்தில் உண்டு. 1954-ல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை விளக்கினார். நடக்கும்போது குதிகால் எழும்பி, கட்டைவிரல் மேல்நோக்கி மடங்குகிறதல்லவா? அப்போது நார்ப்பட்டை விரலின் அடி மூட்டில் கயிறு போல் சுற்றி இறுகுகிறது. நாண் இறுகினால் வில் உயரும். மறு அடி வைத்ததும் தளரும். இறுகுவதும் தளர்வதுமாக ஒவ்வொரு அடியிலும் பாதத்துக்கு ஒரு வேலை, ஒரு ஓய்வு. மைல் கணக்கில் நடந்தாலும் உள்ளங்கால் தாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஐஸில் என்ன மாறுகிறது?

ஸ்கேட்டிங் பூட்ஸின் அடிப்பாகம் மரக்கட்டை போல் விறைப்பானது, மடங்காது. பாதம் ஒரே நிலையில் கிடக்க, சிறு தசைகள் விடாமல் இறுகியபடியே உடம்பைத் தாங்குகின்றன. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் கை கடுக்கிறதல்லவா, அதே கதைதான்.

இரண்டாவது, நிற்கும் அகலம். நாங்கள் போடும் 60 கிலோ தண்டவாளத்துக்கு அடிப்பாகம் மட்டும் 150 மில்லிமீட்டர் அகலம். கலை ஸ்கேட்டிங் பிளேடின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். வேக ஸ்கேட்டிங் பிளேடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டில் நின்று பழகிய பிள்ளை இந்தக் கத்தி முனையில் ஏறும்போது, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கால் விரல்களை மடக்கி பூட்ஸின் அடியைப் பற்றிக்கொள்கிறது. இது தானாகவே நடப்பது, பிள்ளைக்கே தெரியாது. விரல்கள் பற்றினால் உள்ளங்கால் தசை பிடித்துக்கொள்ளும். பத்து நிமிட வலிக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம்.

மூன்றாவது, குளிர். குளிர்ந்த தசை சீக்கிரம் இறுகும்.

ஆகவே புதிதாக ஆரம்பித்தவருக்கு முதல் சில வாரம் இரண்டு கால்களிலும் லேசாக வலிப்பதும், கழற்றியதும் சரியாவதும் பயப்பட வேண்டியதல்ல. பழகப் பழகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் காரணம் தேட வேண்டும்.

முதலில் பூட்ஸைப் பாருங்கள்

ரயில்வேயில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஓர் இடத்தில் வண்டி குலுங்கினால் உடனே தண்டவாளத்தை மாற்றக் கூடாது. அகலம், மட்டம், நேர்கோடு, அடியில் ஜல்லி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை முதலில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பாத வலிக்கும் இதே வரிசை பொருந்தும்.

அளவு: நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். வளரும் பிள்ளைதானே என்று பள்ளி ஷூவை ஒரு நம்பர், இரண்டு நம்பர் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சு வைப்போம். ஸ்கேட்டிங் பூட்ஸில் இந்தச் சிக்கனம் ஆகாது. பூட்ஸ் பெரிதானால் குதிகால் உள்ளே தூக்கும், அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் மடங்கும், உள்ளங்கால் வலிக்கும். நான் மேலே சொன்ன பெண்ணின் பூட்ஸ் இரண்டு நம்பர் பெரிதாக இருந்தது! பாதத்தில் ஒரு குறையும் இல்லை.

சரியான அளவில், நேராக நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னே சென்று அமர்ந்து, விரல்கள் சற்று விலக வேண்டும். விரல்கள் நீட்டிப் படுத்திருக்க வேண்டும். அசைக்க இடம் வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. பல கம்பெனிகளின் ஸ்கேட்டிங் பூட்ஸ் நம்பர் சாதாரண ஷூ நம்பரோடு ஒத்துப்போகாது. ஆகவே காகிதத்தின் மேல் நிற்கவைத்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போவதே உத்தமம். இரண்டு காலையும் அளக்க வேண்டும். சாக்ஸ் மெல்லியதாக ஒன்று போதும். குளிருக்குப் பயந்து இரண்டு கனத்த சாக்ஸ் போட்டால் கால் உள்ளே வழுக்கும், அல்லது நெருக்கும்.

லேஸ்: பூட்ஸ் தளர்வாக இருக்கிறது என்று லேஸை மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்காக இறுக்குவது இரண்டாவது தவறு. பாதத்தின் மேற்புறத்தில் நரம்பும் தசைநாரும் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. அவை நசுங்கினால் மரத்துப்போகும், வலிக்கும். விரல்களின் பக்கம் இதமாக, கணுக்கால் மடியும் இடத்தில் நன்றாக இறுக்கி, மேலே கொக்கிகளில் முழங்கால் மடங்கும்படி சற்றுத் தளர்த்திக் கட்ட வேண்டும். ஐந்து பத்து நிமிடம் ஆடியபின் ஒரு முறை அவிழ்த்துக் கட்டுவது நல்லது; அதற்குள் பூட்ஸ் காலுக்குப் படிந்திருக்கும்.

வாடகை பூட்ஸ்: பலர் போட்டுத் தொய்ந்த பூட்ஸில் கணுக்கால் பகுதி துணி போல் மடியும். கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தால் வளைவின் மேல் சுமை கூடும். வாடகைக்கு எடுக்கும்போது கணுக்கால் பகுதியைக் கையால் அழுத்திப் பார்த்து, விறைப்பானதைக் கேட்டு வாங்குங்கள். புதுத் தோல் பூட்ஸோ இதற்கு எதிர்மாறு. முதல் வாரங்களில் கடிக்கத்தான் செய்யும். சில வகைகளைக் கடையிலேயே சூடுபடுத்திக் காலுக்குப் படிய வைத்துத் தருவார்கள்.

பிளேடு: பிளேடின் அடிப்பக்கம் நடுவில் குழிந்து, இருபுறமும் இரண்டு விளிம்புகளாக இருக்கும். சாணை பிடிக்கும்போது ஒரு விளிம்பு உயர்ந்துவிட்டால், அல்லது பிளேடு பூட்ஸின் நடுவில் பொருந்தாவிட்டால், கால் ஒரு பக்கமாகவே சாயும். நாள் முழுவதும் அதைச் சரிக்கட்டப் போராடுவது உள்ளங்கால்தான். ஒரு காலில் நேராகச் சறுக்கச் சொல்லிப் பாருங்கள். எத்தனை முறை சறுக்கினாலும் ஒரே பக்கம் இழுத்தால் பிளேடைச் சந்தேகிக்கலாம். கலை ஸ்கேட்டிங் பிளேடில் நீள் துளைகள் இருக்கும். திருகுகளைத் தளர்த்தி பிளேடைச் சற்று நகர்த்திப் பொருத்த அவை உதவும். இதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

தட்டைப் பாதம் என்னும் பயம்

பூட்ஸும் பிளேடும் சரி, வலி போகவில்லை. அப்போதுதான் பாதத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலை நனைத்து, உலர்ந்த சிமெண்டுத் தரையில் ஓர் அடி வையுங்கள். நடுவில் பாதி அகலம் விட்டுப்போனால் சாதாரண வளைவு. முழுப் பாதமும் பதிந்தால் தட்டை. குதிகாலும் முன்பாதமும் மட்டும், நடுவில் மெல்லிய கோடாக அல்லது கோடே இல்லாமல் பதிந்தால் உயர்ந்த வளைவு.

தட்டையாகப் பதிந்ததும் கலங்க வேண்டாம். சின்னக் குழந்தைகள் எல்லோருக்கும் பாதம் தட்டைதான். வளைவு உருவாகப் பத்து வயது வரைகூட ஆகலாம். அடுத்து, பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது வளைவு எழுந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாதவரை அதற்கு வைத்தியமே தேவையில்லை. நுனிக்காலில் நின்றும் வளைவு எழாவிட்டால் எலும்பு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளில் 2.8 சதவீதம்தான். வெறுங்காலில் நடக்கும்போது உள்ளங்கால் தசைகள் உழைத்து வளைவு உருவாக உதவுகிறது என்பது அதிலிருந்து கிடைத்த கருத்து. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் பழக்கம் பிள்ளைகளின் பாதத்துக்கும் நல்லதுதான் என்று சொல்லலாம்.

தட்டைப் பாதமோ உயர்ந்த வளைவோ, வலி இருந்தால் பூட்ஸுக்குள் வளைவைத் தாங்கும் இன்சோல் உதவும். தட்டைப் பாதத்துக்கு அது உள்பக்கச் சாய்வைத் தடுக்கிறது. உயர்ந்த வளைவுக்கு அடியில் உள்ள காலி இடத்தை நிரப்பிச் சுமையைப் பகிர்கிறது. ஆனால் பூட்ஸ் அளவே தப்பாக இருக்கும்போது விலை உயர்ந்த இன்சோல் வாங்கி வைப்பது, அடியில் ஜல்லி சரியில்லாத இடத்தில் புதுத் தண்டவாளம் போட்ட மாதிரி. அது கடைசியில் வர வேண்டிய செலவு.

தசைக்குப் பயிற்சி

இதற்கு ஐஸ் வேண்டாம். வீட்டுத் தரை போதும். தினமும் பதினைந்து நிமிடம்.

ஒன்று, தரையில் துண்டை விரித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி விரல்களால் சுருட்டி இழுப்பது. அல்லது கோலி குண்டுகளை விரல்களால் எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. குழந்தைகளுக்கு இது விளையாட்டு.

இரண்டு, மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குவது. பத்துப் பத்தாக மூன்று முறை.

மூன்று, சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் எழாமல் கெண்டைக்காலை நீட்டுவது. முப்பது விநாடி. கெண்டைக்கால் இறுகியிருந்தால் உள்ளங்கால் நார்ப்பட்டையும் சேர்ந்து இழுபடும்.

நான்கு, வெறுங்காலில் ஒற்றைக் காலில் நிற்பது. முப்பது விநாடி தடுமாறாமல் நிற்க முடிந்தால், கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்யலாம். அப்போது பக்கத்தில் சுவர் இருக்கட்டும். நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீண்டு கிடக்கின்றனவா என்று பெரியவர் ஒருவர் கவனிக்க வேண்டும். ஐஸில் விரல் மடக்கும் பழக்கம் போவதற்கு இதுவே மருந்து.

தளத்தில் வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட வேண்டாம். வெளியே வந்து, பூட்ஸைக் கழற்றி, கால் விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தால் பிடிப்பு விடும். தளத்தில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்குவதும் அவசியம். வீட்டுக்கு வந்தபின் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் உறையவைத்து, துணி சுற்றி, உள்ளங்காலின் அடியில் ஐந்து நிமிடம் உருட்டலாம். சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போன பெரியவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. குளிர் தெரியாமல் தோல் புண்ணாகிவிடும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் குத்தினால், நார்ப்பட்டையே புண்பட்டிருக்கலாம். எலும்பில் ஒரே இடத்தை அழுத்தினால் சுரீரென்று வலிப்பது, வீக்கம், ராத்திரி ஓய்விலும் வலிப்பது, விரல்கள் மரத்துப்போவது, ஒற்றைக் காலில் நுனிக்காலில் எழும்ப முடியாமல் போவது, ஒரு பாதம் மட்டும் திடீரெனத் தட்டையாவது ஆகியவற்றில் எது இருந்தாலும் ஸ்கேட்டிங்கை நிறுத்திவிட்டு எலும்பு வைத்தியரைப் பார்க்க வேண்டும். இரண்டு வார ஓய்வுக்குப் பின்னும் வலி தொடர்ந்தாலும் அப்படியே. ரயில்வே குடும்பங்களுக்கு லாலாகூடா மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது பூட்ஸையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலியின் காரணம் பாதி அதில்தான் இருக்கும்.

நான் சொன்ன பெண்ணுக்கு அளவான பூட்ஸ் வாங்கி, ஒரு மாதம் கோலி குண்டு பொறுக்கியபின் மறுபடியும் ஐஸில் இறங்கினாள். அரை மணி நேரம் வலியில்லாமல் ஆடினாளாம். இப்போது அவள் கவலை வலியைப் பற்றி அல்ல, பின்னோக்கிச் சறுக்குவது வரவில்லையே என்பதுதான்.

பிள்ளைகள் 'வலிக்கிறது' என்றால் அதைச் சாக்கு என்றும் தள்ளக் கூடாது. வியாதி என்றும் உடனே முடிவு கட்டக் கூடாது. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பிறகு அளவு, லேஸ், பிளேடு, பாதம் என்று வரிசையாகப் பார்த்து வாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு படியிலேயே விடை கிடைத்துவிடும்.